ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களுக்கு வெளிநாட்டு உதவி: கென்யாவில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை?

ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களை வலுப்படுத்துகிறோம் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் ஐ.நா.வும் வருடக்கணக்காகச் செலவு செய்கின்றனவே, அந்தப் பணத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள், பலன் உண்டா, அல்லது உதவி என்ற பெயரில் நடக்கும் தலையீடா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அவைக்கு வெளியாரின் பணத்தால் பலம் சேருமா? சில வகைப் பலம் சேரும், சில வகை சேரவே சேராது. 54 நாடுகளையும் ஒரே மூச்சில் பேசினால் பொய்யாகிவிடும் என்பதால் கென்யாவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே வெற்றியும் தோல்வியும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. தேவையான இடத்தில் உகாண்டாவையும் மொசாம்பிக்கையும் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். இந்த உதவி எம்.பி.க்களின் சம்பளத்துக்குப் போவதில்லை. ஆலோசகர்கள், செயலக ஊழியர்களுக்கான பயிற்சி, குழுக்களின் வெளியூர் விசாரணைகள், கணினி, நூலகம், அச்சு, பிற நாட்டு அவைகளைப் பார்த்துவரும் பயணங்கள் ஆகியவற்றுக்கே பெரும்பாலும் போகிறது. பணம் பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் கணக்குக்கு வருவதும் கிடையாது. உதவி நாடு ஒரு பல்கலைக்கழகத்தையோ அமைப்பையோ ஒப்பந்தத்தில் அமர்த்தும், அவர்கள் வேலையைச் செய்து தருவார்கள். கென்யாவில் 2000-க்குப் பின் யுஎஸ்எய்ட், அதாவது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பணத்தில் அந்த வேலையைச் செய்தது நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம். பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜனநாயக அறக்கட்டளை 1992 முதல் இயங்குகிறது. இந்தியாவும் பிற நாடுகளுக்கான தன் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமான ஐடெக்கின் கீழ் பிற நாட்டு நாடாளுமன்ற அதிகாரிகளை டெல்லிக்கு அழைத்துப் பயிற்சி தருகிறது. ஆக, இது மேற்கத்திய நாடுகள் மட்டும் செய்யும் வேலை அல்ல.

கென்யாவின் கதை உதவிப் பணத்திலிருந்து தொடங்கவில்லை. 1999 வரை அந்த நாடாளுமன்றம் நடைமுறையில் அரசின் ஒரு துறை மாதிரிதான் இருந்தது. ஊழியர்களை நியமிப்பதும் மாற்றுவதும் நிர்வாகத்தின் கையில், செலவுக்கான பணம் கருவூலத்தின், அதாவது நிதியமைச்சகத்தின் கையில். தன்னைக் கேள்வி கேட்கும் அவைக்கு எத்தனை எழுத்தர்கள் வேண்டும் என்று அரசே முடிவுசெய்தது. அதை மாற்றியது ஒலூ அரிங்கோ என்ற உறுப்பினர் முன்னின்று கொண்டுவந்த 1999 அரசியலமைப்புத் திருத்தம். அதன்மூலம் நாடாளுமன்றப் பணி ஆணையம் பிறந்தது. சபாநாயகர் அதன் தலைவர். ஊழியர்களை அதுவே எடுக்கும், அவையின் வரவுசெலவுத் திட்டத்தையும் அதுவே தயாரிக்கும். 2010 அரசியலமைப்பு இதை 127-ஆம் பிரிவில் உறுதிப்படுத்தியது. கதவை உள்ளே இருந்தவர்கள் திறந்தார்கள், உதவி அதன் பிறகே உள்ளே வந்தது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால், வெளிநாட்டுச் செலவில் பயிற்சி பெற்ற ஊழியரை மறுமாதமே வேளாண் துறைக்கு மாற்றியிருக்கலாம்.

அந்த உதவியின் மிக நல்ல விளைவு என்று நான் கருதுவது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம். 2007-இல் தொடங்கியது. 2009-இன் நிதி மேலாண்மைச் சட்டம் அதற்கு முதல் சட்ட அடித்தளம் கொடுத்தது. 2012-இன் பொதுநிதி மேலாண்மைச் சட்டம் பத்தாம் பிரிவில் அதன் பணிகளை விரித்து எழுதியது: குழுக்களுக்கு நிதித் தகவல் தருவது, அரசின் கொள்கைகளால் வரக்கூடிய நிதி ஆபத்துகளை ஆராய்வது, பொருளாதார விளைவுள்ள மசோதாக்களைப் பற்றிக் குழுக்களுக்கு அறிக்கை கொடுப்பது. தயாரித்த அறிக்கைகளை 14 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. இந்தக் கடைசி விதியைச் சிறியதாக நினைக்க வேண்டாம். எம்.பி.க்களின் மேசைக்கு மட்டும் போகும் அறிக்கையை எளிதாக மூடி வைத்துவிடலாம். பத்திரிகையாளருக்கும் கிடைக்கும் அறிக்கையை அப்படிச் செய்ய முடியாது.

இந்த அலுவலகத்தின் வேலையைக் கொஞ்சம் நெருக்கமாகப் பாருங்கள். கென்யாவின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பிப்ரவரி 15-க்குள் கருவூலம் பட்ஜெட் கொள்கை அறிக்கையை அவைக்கு அனுப்ப வேண்டும். எந்தத் துறைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற உச்சவரம்பு அதில்தான் தீர்மானமாகிறது. நாடாளுமன்றம் 14 நாட்களுக்குள் அதை விவாதித்துத் தீர்மானம் போட வேண்டும். ஏப்ரல் 30-க்குள் விரிவான மதிப்பீடுகள் வரும், ஜூன் 30-க்குள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற வேண்டும். ஜூனில் எழுந்து "சுகாதாரத்துக்குப் போதவில்லை" என்று பேசுவதில் பெரிய பயனில்லை. தொகையைக் கூட்ட வேண்டுமானால் வேறோர் இடத்தில் அதே அளவு குறைக்க வேண்டும் என்பது விதி. உண்மையான சண்டைக்கு இடமிருப்பது பிப்ரவரியின் அந்த 14 நாட்களில். அதற்குள் அலுவலகத்தின் பொருளியலாளர்கள் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். வருவாய் எவ்வளவு வரும் என்று கருவூலம் சொல்வதை, கடந்த ஆண்டுகளில் சொன்னதற்கும் வசூலானதற்கும் இருந்த இடைவெளியோடு ஒப்பிட வேண்டும். கடனுக்கான வட்டியையும் தவணையையும் கழித்தபின் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துறைக் குழுவுக்கும் அதன் துறை பற்றிச் சில பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். நூறு பக்க ஆய்வை எந்த எம்.பி.யும் படிக்க மாட்டார். அமைச்சர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்கத் தோதாக நாலு கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான எண்ணும் இருந்தால் படிப்பார்.

இந்த வேலை கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. கருவூலம் எண்களைக் கணினி அட்டவணையாகத் தராமல் அச்சிட்ட தாளாகத் தந்தால், 14 நாளில் பல நாட்கள் அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்வதிலேயே போய்விடும். சட்டத்தில் தகவல் கேட்கும் உரிமை தெளிவாக இல்லையென்றால் கடிதத்துக்குப் பதிலே வராது. ஆகவே ஒரு பட்ஜெட் அலுவலகத்துக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் பேச வேண்டியது தகவல் பெறும் விதியைப் பற்றி. கணினி வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

2009-இல் நடந்ததைச் சொன்னால் இது புரியும். அந்த ஆண்டு கூடுதல் செலவுக்காக அரசு அவைக்குக் கொண்டுவந்த துணை மதிப்பீடுகளில் சுமார் 920 கோடி ஷில்லிங் கணக்கு இடித்தது. அதை வெளியே கொண்டுவந்தது மார்ஸ் குரூப் என்ற குடிமை அமைப்பு. அப்போது நிதியமைச்சராக இருந்த உஹுரு கென்யாட்டாவின் தரப்பு, கணினியில் நேர்ந்த பிழை என்று விளக்கம் சொன்னது. பட்ஜெட் அலுவலகம் அப்போது பிறந்திருந்தது, ஆனால் முழு வலுவோடு இல்லை. அவையின் கண்ணைத் தாண்டிப் போன எண்ணை வெளியில் இருந்தவர்கள் பிடித்தார்கள். எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவைக்கு உள்ளேயும் வெளியேயும் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். நாடாளுமன்றச் செயலகத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, பட்ஜெட்டைப் பின்தொடரும் உள்ளூர் அமைப்புகளைக் கைவிடும் திட்டங்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன.

வெளிநாட்டு உதவியில் தொடங்கிய அலுவலகம் உதவி நின்றபின் நிலைக்க என்ன வேண்டும்? பணியிடங்கள் ஆணையத்தின் நிரந்தரப் பட்டியலில் ஏற வேண்டும், சம்பளம் அவையின் சொந்த பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும், அலுவலகத்தின் பெயர் சட்டத்தில் இருக்க வேண்டும். கென்யாவில் இந்த மூன்றும் நடந்தன. பல நாடுகளில் நடப்பது வேறு. திட்டத்தின் பணத்தில் அரசுச் சம்பளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்து நல்ல பொருளியலாளர்களை அமர்த்துவார்கள். திட்டம் முடிந்ததும் அந்தச் சம்பளத்தைச் செயலகத்தால் தர முடியாது, அவர்கள் உலக வங்கிக்கோ மத்திய வங்கிக்கோ போய்விடுவார்கள். மேசையும் கணினியும் மட்டும் மிஞ்சும். இதைத் தவிர்க்க ஒரு வழி, முதல் நாளிலிருந்தே சம்பள விகிதத்தை அவையின் விகிதத்தில் வைத்து, அதில் அவை செலுத்தும் பங்கை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போவது. முதல் ஆண்டில் கால் பங்கு, கடைசி ஆண்டில் முழுவதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அவை முதல் ஆண்டுப் பங்கையே தராமல் இழுத்தடித்தால், அந்த அலுவலகத்தின்மேல் அதற்கு உண்மையான அக்கறை இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

பணம் மிக அதிகமாக வீணாகும் இடம் எம்.பி.க்களுக்கான பயிலரங்குகள். கென்யாவில் நைவாஷா ஏரிக்கரை விடுதிகளிலும் மொம்பாசா கடற்கரை விடுதிகளிலும் இவை நடக்கும். தலைநகரை விட்டு வெளியே நடத்தினால் தினப்படி உண்டு, உறுப்பினர்களும் இரண்டு நாள் தொடர்ந்து உட்காருவார்கள் என்பது வாதம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, ஏனென்றால் நைரோபியில் நடத்தினால் பாதிப் பேர் பதினொரு மணிக்கு எழுந்து போய்விடுவார்கள். ஆனால் தினப்படியே வருகைக்குக் காரணமாகிவிட்டால், அதிகத் தினப்படி தரும் அமைப்பின் கூட்டத்துக்கே கூட்டம் சேரும், தலைப்பு எதுவானாலும். இன்னொரு சிக்கல், கென்யாவில் ஒவ்வொரு தேர்தலிலும் உறுப்பினர்களில் பெரும் பகுதியினர் தோற்றுப்போகிறார்கள். நான்காம் ஆண்டில் கற்றுக்கொடுத்ததை ஐந்தாம் ஆண்டு அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். ஆகவே உறுப்பினர்களுக்கான பொதுப் பயிற்சியைத் தேர்தல் முடிந்த முதல் சில மாதங்களில் வைக்க வேண்டும். அதன்பிறகு பொதுப் பயிற்சி வேண்டாம். ஒரு மசோதா குழுவின் முன் வரும்போது அந்த மசோதாவை ஒட்டி அரை நாள் விளக்கம் போதும். மீதிப் பணம் இருபது ஆண்டு பணியில் இருக்கப்போகும் குழு எழுத்தர், ஆராய்ச்சியாளர், சட்ட வரைவாளர் ஆகியோருக்குப் போக வேண்டும். கென்ய நாடாளுமன்றம் நைரோபியின் கேரன் பகுதியில் தனக்கென ஒரு பயிற்சி மையம் வைத்திருக்கிறது. அதன் வழியாகப் பயிற்சி நடந்தால் பாடத்திட்டமாவது நாட்டில் தங்கும்.

கணினித் திட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-களின் நடுவில் ஐ.நா.வின் பொருளாதார சமூக விவகாரத் துறை, இத்தாலியின் உதவியோடு, ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களுக்குப் பொதுவான தகவல் அமைப்பு ஒன்றை நைரோபியிலிருந்து உருவாக்கியது. மென்பொருளின் பெயர் புங்கேனி. அது அவைகளில் எதிர்பார்த்த அளவு வேரூன்றவில்லை. ஒவ்வோர் அவைக்கும் நடைமுறை வேறு, உள்ளூரில் அதைப் பராமரிக்க நிரலாளர்களும் போதவில்லை. ஆனால் அதே முயற்சியில் பிறந்த அகோமா ந்டோசோ, அதாவது சட்டங்களையும் விவாதப் பதிவுகளையும் கணினி படிக்கும் வடிவில் எழுதுவதற்கான தரநிலை, பிழைத்துக்கொண்டது. 2018-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது, இன்று ஐ.நா.வும் அதைப் பின்பற்றுகிறது. ஆப்பிரிக்க அவைகளுக்காகத் தொடங்கிய ஒன்று உலகத்துக்குப் பயன்படுவதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டு.

கட்டடங்கள் தனி வகை. மலாவியிலும் ஜிம்பாப்வேயிலும் சீனா நாடாளுமன்றக் கட்டடங்களைக் கட்டிக் கொடுத்தது. கென்யா தன் 28 மாடி புங்கே கோபுரத்தைச் சொந்தப் பணத்தில் கட்டி 2024-இல் திறந்தது. உறுப்பினருக்கு அறையும் குழுவுக்குக் கூடமும் தேவைதான், ஆனால் அதற்கும் மேற்பார்வைத் திறனுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

வெளிப்பணத்தால் வராத பலம் எது என்பதற்கு உகாண்டா சாட்சி. 2001-இல் பியாட்ரிஸ் கிராசோ என்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து பட்ஜெட் சட்டத்தை நிறைவேற்றினார். கென்யாவுக்கு முன்பே அங்கே பட்ஜெட் அலுவலகமும் பட்ஜெட் குழுவும் வந்துவிட்டன. ஆனாலும் 2005-இல் அதிபரின் பதவிக்கால வரம்பையும் 2017-இல் வயது வரம்பையும் நீக்கியது அதே நாடாளுமன்றம்தான். 2017 செப்டம்பரில் பாதுகாப்புப் படையினர் அவைக்குள் நுழைந்து உறுப்பினர்களை இழுத்துச் சென்றார்கள். ஐரோப்பிய நாடுகள் கூட்டாக நடத்திய ஜனநாயக ஆட்சி நிதியத்தை 2021-இல் அதிபர் முசெவெனி நிறுத்திவைத்தார், 2022 முடிவோடு அது மூடப்பட்டது. ஆளுங்கட்சியில் நீடிப்பதும் அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைப்பதும் அதிபரின் கையில் இருக்கும்போது, மேசையில் எவ்வளவு நல்ல ஆய்வு இருந்தாலும் கை அவர் சொல்லும் பக்கம்தான் உயரும்.

கென்யாவையும் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. 1999-இல் கிடைத்த தன்னாட்சியை உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளவும் பயன்படுத்தினார்கள். மக்களின் கோபத்தால் 2010 அரசியலமைப்பு அந்த அதிகாரத்தைச் சம்பள ஆணையம் ஒன்றுக்கு மாற்றியது. 2013-இல் அதையும் எதிர்த்து எம்.பி.க்கள் முட்டிப் பார்த்தார்கள். 2024 நிதி மசோதாவின்போது பட்ஜெட் அலுவலகம் இருந்தது, அரசியலமைப்பின் 118-ஆம் பிரிவின்படி பொதுமக்கள் பங்கேற்பும் இருந்தது. ஆனாலும் ஜூன் 25 அன்று அவை 195-க்கு 106 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது. அன்றே இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, மறுநாள் அதிபர் ரூட்டோ கையெழுத்திட மறுத்தார். அவையின் உள்ளே கேட்டிருக்க வேண்டிய எதிர்ப்பு தெருவில் கேட்டது. எந்த உதவித் திட்டமும் இதைத் தடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும். அலுவலகங்கள் உருவானதும், சட்டங்கள் வந்ததும், அறிக்கைகள் வெளியாவதும் கண்ணால் பார்க்கக்கூடியவை, இவற்றில் சந்தேகமில்லை. "எங்கள் திட்டத்தால் மேற்பார்வை மேம்பட்டது" என்று திட்ட அறிக்கைகள் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். அதே ஆண்டுகளில்தான் புதிய அரசியலமைப்பு வந்தது, நீதிமன்றங்கள் துணிந்தன, அவை நடவடிக்கைகள் நேரலையாயின. இவற்றிலிருந்து உதவியின் பங்கை மட்டும் பிரித்து அளக்க நம்பத்தக்க முறை யாரிடமும் இல்லை. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கை செலவுக் கணக்குக்கு மட்டும் உதவும்.

தலையீடா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆபத்து இருக்கிறது, ஆனால் சதி என்ற வடிவில் அரிதாகத்தான் வருகிறது. உதவி நாட்டுக்குப் பிடித்த தலைப்புக்குப் பணம் இருக்கும், அவைக்குத் தேவையான தலைப்புக்கு இருக்காது. மசோதாவை ஆலோசகரே எழுதிக் கொடுத்தால் அது அவையில் அனாதையாகக் கிடக்கும். 2014-இல் நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியம் முன்னின்று வெளியிட்ட பொதுக் கோட்பாடுகள், திட்டத்தின் திசையை அவையே தீர்மானிக்க வேண்டும் என்கின்றன. என் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதே உதவி நாடுகள் கருவூலங்களுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் நாடாளுமன்றங்களுக்குக் கொடுப்பது மிகச் சொற்பம். மொசாம்பிக் அரசின் பட்ஜெட்டுக்குப் பல ஆண்டுகள் நேரடியாகப் பணம் கொடுத்தார்கள். அதே அரசு 2013, 2014-இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் சுமார் 200 கோடி டாலர் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அவற்றில் பெரும் பகுதி 2016-இல்தான் வெளியே வந்தது. உதவி நின்றது, நாணய மதிப்பு சரிந்தது, பாடுபட்டது மக்கள். கடன் உத்தரவாதம் ஒவ்வொன்றும் அவையின் குழுவுக்கு வந்தாக வேண்டும் என்பதை பட்ஜெட் உதவிக்கே நிபந்தனையாக வைத்து, வந்ததா என்று பார்க்கவும் ஆள் வைத்திருந்தால், நூறு பயிலரங்குகள் தராத பயன் கிடைத்திருக்கும்.

2025-இல் அமெரிக்கா யுஎஸ்எய்டைக் கலைத்துவிட்டதால் இத்துறையின் மிகப் பெரிய கொடையாளர்களில் ஒருவர் விலகியாகிவிட்டது. நீங்கள் ஏதேனும் ஒரு நாட்டின் திட்டத்தை எடைபோட விரும்பினால், அதன் முன்னுரையை விட்டுவிட்டு ஆவணத்தில் பணியிடங்களும் சம்பளமும் எழுதிய பக்கத்துக்குப் போங்கள். திட்டம் முடியும் ஆண்டில் அந்தப் பணியிடங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று பாருங்கள். பிறகு அந்த அவையின் பொதுக் கணக்குக் குழு கடைசியாக முடித்தது எந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை என்று தேடுங்கள். கென்ய அரசியலமைப்பின் 229-ஆம் பிரிவின்படி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்தில் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை தர வேண்டும், அதற்குப் பின் மூன்று மாதத்தில் நாடாளுமன்றம் அதை விவாதித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்த ஒன்பது மாதக் கெடுவைத் தாண்டி எத்தனை அறிக்கைகள் தேங்கிக் கிடக்கின்றன என்று கணக்குப் போட்டால், திட்ட அறிக்கையில் இல்லாத பதில் உங்களுக்குக் கிடைக்கும்.